அரங்கமும் அளவுகோலும்: டிஜிட்டல் காலத்தில் நம் திரையரங்குகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் சிலப்பதிகாரம் பற்றித்தான் கட்டுரை கேட்டார்கள். சித்ரா பௌர்ணமிதோறும் குமுளியிலிருந்து ஜீப் பிடித்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்! நான் எழுதிக் கொடுத்திருப்பதோ சினிமாக் கொட்டகையைப் பற்றி. தலைப்பைப் பார்த்துவிட்டு "நயினாருக்கு என்ன ஆச்சு?" என்று அன்பர்கள் கேட்க வேண்டாம். சிலம்பில் தொடங்கித்தான் கொட்டகைக்கு வருகிறேன்.

அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மாதவி ஆடப் போகிறாள். அவள் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் அடிகள் ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. அரங்கை அளக்கிறார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1, மேடைப் பலகைக்கும் மேல் உத்தரத்துக்கும் இடையே 4. உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். திரை மூன்று வகை. விளக்கும் உண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி அந்த விளக்கை வைக்க வேண்டுமாம்.

கோலுக்கு 24 விரல், ஃபிலிமுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். இது வெறும் தற்செயல் ஒற்றுமை. இதை வைத்து 'சினிமா அன்றே தமிழனிடம் இருந்தது' என்று யாரும் ஆண்டு விழா மேடையில் பேசிவிட வேண்டாம். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றுதான். கலை எவ்வளவு உயர்ந்ததானாலும் அது பார்ப்பவனிடம் வந்து சேருமிடம் அரங்கம். ஆகவே அரங்கத்துக்கு ஓர் அளவு வேண்டும், அந்த அளவைச் சரிபார்க்க ஆள் வேண்டும். இந்தக் கோலை எடுத்துக்கொண்டுதான் டிஜிட்டல் காலத்துத் திரையரங்குகளை அளக்கப் போகிறேன்.

பெட்டி வந்த காலம்

நான் 1978-இல் வந்தவாசிப் பக்கமிருந்து பீர்மேட்டுக்குப் பிழைக்க வந்தவன். தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்த நம் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சினிமாதான். வண்டிப்பெரியாறு, குமுளி, சமயம் கிடைத்தால் மலையிறங்கிக் கம்பம். "பெட்டி வந்தாச்சா?" என்பதுதான் அன்றைய கேள்வி. படப்பெட்டி பஸ்ஸில் வரும், ஜீப்பில் வரும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் வராமலே போகும்.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் கணக்கு. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி, அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல். இந்த நாலு கிலோமீட்டரும் ஒவ்வொரு காட்சியிலும் பல் சக்கரத்தில் மாட்டி, வாயில் வழியே உரசிப் போக வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் தூசி, கொஞ்சம் கீறல். ஒரு பிரிண்டுக்கு அரை லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு என்பதால் விநியோகஸ்தர் குறைந்த பிரிண்டுதான் போடுவார். சென்னை, மதுரையில் ஓடி, தேனி, கம்பத்தில் ஓடி, எல்லாரும் பார்த்துத் தீர்த்த பிறகுதான் அது மலையேறும்.

எங்களிடம் வந்து சேரும்போது வெயில் காட்சியிலும் மழை பெய்யும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் அடிபடும் இடம். ஆகவே பாட்டின் முதல் வரி போயிருக்கும், சண்டைக்கு முந்தைய பேச்சு போயிருக்கும். வில்லன் ஏன் கோபப்பட்டான் என்பது எங்களுக்கு ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்ட பிறகுதான் தெரியவரும்! கார்பன் குச்சி கரையக் கரைய ஆபரேட்டர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பீடி பற்ற வைக்கப் போனால் கதாநாயகி முகம் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும்.

இதைச் சொல்வது பழையதைக் கேலி செய்ய அல்ல. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிய நாள் தொட்டு, நூறு ஆண்டு காலம் ஃபிலிம்தான் நமக்குச் சினிமாவைக் கொடுத்தது. ஆனால் 'ஃபிலிம் காலத்தில் படம் எப்படி இருந்தது தெரியுமா' என்று பேசுகிற நகரத்து நண்பர்கள் பார்த்தது முதல் வாரத்துப் புதுப் பிரிண்ட். நாங்கள் பார்த்தது நூறாவது வாரத்துப் பிரிண்ட். இரண்டும் ஒரே படம் அல்ல.

சாவி வந்த காலம்

அமெரிக்காவில் 1999-இல் பொதுமக்களுக்கு ஃபிலிம் இல்லாமல் டிஜிட்டல் முறையில் படம் காட்டினார்கள். 2002-இல் ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து டி.சி.ஐ. என்ற அமைப்பை உண்டாக்கி, 2005 ஜூலையில் ஒரு தர நூலை வெளியிட்டன. படம் 2கே என்றால் குறுக்கே 2048 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. 4கே என்றால் இரண்டும் இரு மடங்கு. வண்ணத்துக்கு 12 பிட். நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். ஒலியைச் சுருக்கக் கூடாது. திரையின் நடுவில் விழும் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட். இந்த நூலைப் பற்றிப் படித்தபோது எனக்கு அரங்கேற்று காதைதான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டில் அதே 2005-ஐ ஒட்டிச் சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப் வந்தது. மும்பையிலிருந்து யு.எஃப்.ஓ. செயற்கைக்கோள் வழியாகப் படம் அனுப்பியது. மலையாளத்தில் 2006-இல் வி.கே. பிரகாஷின் 'மூன்றாமதொராள்' அப்படிச் செயற்கைக்கோள் வழியே கொட்டகைகளுக்குப் போயிற்று. 2009 டிசம்பரில் 'அவதார்' வந்து உலகம் முழுக்கத் திரையரங்குகளை மாற வைத்தது. 2012-இல் கோடக் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2013-இல் ஃபியூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. நூறு ஆண்டுக் கதை பத்தே ஆண்டில் முடிந்தது.

கேரளத்தில் அதுவரை கொட்டகைகளுக்குச் சாதிப் பிரிவு போல ஏ, பி, சி என்று வகுப்பு இருந்தது. புதுப்படம் ஏ-யில் ஓடி முடிந்து பி-க்கு வரும், பிறகு சி-க்கு வரும். டிஜிட்டல் வந்ததும் பிரிண்டுச் செலவு போயிற்று, சிற்றூர்களுக்கும் முதல் நாளே படம் வர ஆரம்பித்தது. தீபாவளிப் படத்தைத் தீபாவளிக்கே பார்த்தோம். அன்று தோட்டத்து ஜனங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தவன். மழை இல்லை, வெட்டு இல்லை, முதல் காட்சியும் நூறாவது காட்சியும் ஒன்றே. இந்த நன்மையை மறைத்துவிட்டு எவர் விமரிசனம் எழுதினாலும் அது நேர்மையாகாது. பெட்டிக்குப் பதில் இப்போது வருவது ஹார்டு டிஸ்க்கும் அதைத் திறக்கும் எண் சாவியும். "பெட்டி வரலை" என்று காட்சி தள்ளிப்போனது போய், "சாவி வரலை" என்று தள்ளிப்போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரக்கா, ஸ்டோரா?

இனிக் குறைகளைப் பார்ப்போம். முதல் குறை சரக்கில் இருந்தது. டி.சி.ஐ. சொன்ன முழு அளவில் இரண்டரை மணி நேரப் படம் ஏறக்குறைய 280 ஜி.பி. வரை போகலாம். நம் சிறு கொட்டகைகளுக்கு முதலில் வந்த டிஜிட்டல் அந்தத் தரத்துக்குக் கீழானது. செலவு கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகப் படத்தை மேலும் மேலும் சுருக்கி அனுப்பினார்கள், கருவியும் சின்னதாக வைத்தார்கள். ஹாலிவுட் நிறுவனங்கள் 'இதில் எங்கள் படத்தைக் காட்ட மாட்டோம்' என்றே சொல்லிவிட்டன. இருட்டுக் காட்சி வந்தால் கறுப்பு கறுப்பாக இராது, சாம்பல் பூத்திருக்கும். புகையும் மூடுபனியும் கட்டம் கட்டமாக உடையும். மூடுபனி என்றால் என்னவென்று தெரியாதவர்களா நாம்! பீர்மேட்டு ஜனங்களிடம் கட்டம் போட்ட பனியைக் காட்டினால் சிரிக்க மாட்டார்களா?

அந்தக் குறை இப்போது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பல இடங்களில் 2கே, சில இடங்களில் 4கே, லேசர் கூட வந்துவிட்டது. அப்படியும் ஒரே படம் ஒரு கொட்டகையில் ஒளியாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் இருக்கிறதே, ஏன்?

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். ஒரே தோட்டத்து ஏலக்காய், ஒரே நாளில் பறித்தது. ஒரு ஸ்டோரில் காய வைத்தால் கண்ணைப் பறிக்கும் பச்சையில் வரும். சூடு தவறிய இன்னொரு ஸ்டோரில் வெளிறிப் போய் வரும். தோட்டத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. டிஜிட்டல் வந்த பிறகு சினிமாவும் இப்படித்தான் ஆகிவிட்டது. முன்பு படம் மோசமாக இருந்தால் 'பிரிண்டு பழசு' என்று சொல்லித் தப்பிக்கலாம். இன்று எல்லாக் கொட்டகைக்கும் போகும் பிரதி ஒன்று. ஆகவே காணும் குறை பெரும்பாலும் ஸ்டோரின் குறை, அதாவது கொட்டகையின் குறை.

விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸீனான் விளக்குக்கு ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் என்று ஆயுள் உண்டு. அதற்குள்ளேயே வெளிச்சம் படிப்படியாக இறங்கும். புது விளக்கு விலை கூடுதல் என்று ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுகிறார்கள். சிலர் கரண்டையும் குறைத்து வைக்கிறார்கள். 14 வர வேண்டிய இடத்தில் பாதிகூட வராது. முப்பரிமாணப் படம் என்றால் லென்ஸ் முன்னால் ஒரு கண்ணாடி, நம் மூக்கில் ஒரு கண்ணாடி. இரண்டும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதற்காகப் போட்ட வெள்ளித் திரையில் சாதாரணப் படம் காட்டினால் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் தெரியும். 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்கக் கண்ணாடி மாட்டிய தலைமுறைக்கு இது புதிதில்லை. ஆபரேட்டர் அறைச் சன்னல் கண்ணாடியைத் துடைத்தாலே படம் ஒரு படி தெளியும். அதைத் துடைக்க ஆள் இல்லை.

என் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். ஐந்து கிராம் குறைந்தால் அபராதம். டிக்கெட்டுக்கு முழுக்காசு வாங்கிப் பாதி வெளிச்சம் தருகிறவருக்கு முத்திரை அடிக்க யாரும் வருவதில்லை. வியாபாரி என்ற முறையில் இதை எடைக்குறைவு என்றுதான் சொல்வேன்.

காதுக்கு வரும் தமிழ்

படத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஒலி. அதற்குக் காரணம் என் பேத்தி.

அவள் கேரளப் பள்ளியில் படிக்கிறாள். மலையாளம் எழுதுவாள், ஆங்கிலம் எழுதுவாள், தமிழ் வீட்டில் மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் மலைக்குக் கீழே ஓர் ஊரில் ஒரு தமிழ்ப் படத்துக்குக் கூட்டிப்போனேன். பொழுது சாயுமுன் சாப்பிடுகிற வழக்கமுள்ள வீடு என்பதால் எங்களுக்கு எப்போதும் மாட்னிதான். படம் நெடுக அவள், "தாத்தா, என்ன சொன்னாங்க? இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வழியெல்லாம் திட்டினேன். "தமிழ் படி படின்னு தலையால அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே? நாலு வார்த்தை தமிழ் புரியலைன்னா நாளைக்கு நீ யாரு?" என்றேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே படம் டி.வி.யில் வந்தது. ஒரு வசனம் விடாமல் அவள் கூடவே சொல்லிக்கொண்டு போனாள். எனக்குத் தலை குனிந்தது. அன்றைக்குக் கொட்டகையில் எனக்கும் பாதி விளங்கியிருக்கவில்லை. அறுபது வருடத் தமிழ் இருப்பதால் விட்டுப்போன சொல்லை என் மூளையே நிரப்பிக்கொண்டது. அவளுக்கு நிரப்பிக்கொள்ள அவ்வளவு கையிருப்பு இல்லை. குறை பிள்ளையின் தமிழில் இல்லை, திரைக்குப் பின்னால் இருந்த பெட்டியில்.

விஷயம் இதுதான். ஃபிலிம் காலத்தில் ஒரே தடத்தில் எல்லாம் வந்தது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியிலும், 1996-இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியிலும் வந்த பிறகு ஒலி பிரிந்தது. டி.டி.எஸ். ஒலி ஃபிலிமில் இராது, தனிக் குறுந்தகட்டில் இருக்கும். ஃபிலிமில் இருப்பது அதை ஒத்து ஓட்டும் குறி மட்டுமே. பிறகு 2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி' அட்மாஸில் வந்தது, 2013-இல் 'விஸ்வரூபம்' ஆரோ முறையில் வந்தது. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே பறந்தது. எல்லாம் சரி. ஆனால் இவை எல்லாவற்றிலும் மனிதர் பேசும் பேச்சு பெரும்பாலும் வருவது ஒரே ஒரு பெட்டியிலிருந்துதான். திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் பெட்டி. திரையில் உள்ள பொடித் துளைகள் வழியாகத்தான் அந்த ஒலி நம்மிடம் வர வேண்டும். துளையில் தூசி அடைத்தாலும், அந்தப் பெட்டியில் உயர்ந்த ஒலிக்கான உறுப்பு கெட்டாலும் முதலில் போவது மெய்யெழுத்துகளின் தெளிவு. உயிரோசை கேட்கும், ச, த, ட, ப எல்லாம் மழுங்கும். ழகர ளகரத்தைக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஒலியின் அளவு. ஒலிக் கலவை செய்கிறவர் ஒரு நிலையான அளவில் வைத்துக் கலக்கிறார். கொட்டகைக் கருவியில் அதற்கு 7 என்று எண். சண்டையும் விளம்பரமும் காதைப் பிளக்கிறது என்று ஜனங்கள் சத்தம் போட்டால் ஆபரேட்டர் அதை ஐந்துக்கோ நாலரைக்கோ இறக்குகிறார். சண்டை தாங்கும்படி ஆகிறது, பேச்சு முனகலாகிறது. ஜனங்கள் மேலும் குறைப்பார்கள் என்று பயந்து கலவை செய்கிறவர் இன்னும் சத்தமாகக் கலக்கிறார். இப்படி இருவரும் மாறி மாறிச் செய்து வசனத்தை நசுக்கிவிட்டார்கள். நம் கேரளத்து ரசூல் பூக்குட்டி 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கியபோது மாநிலமே கொண்டாடியது. அப்படிப்பட்டவர்களின் வேலை நம் காதுக்கு முழுதாக வந்து சேருகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பலகையில் டால்பி, உள்ளே டப்பா!

யார் பொறுப்பு?

கொட்டகைக்காரர்களையே குறை சொல்லிவிட்டுப் போவதும் சரியல்ல. கருவி பல இடங்களில் சேவை நிறுவனத்தின் பொறுப்பில். கட்டணத்தை யார் ஏற்பது என்ற தகராறில் தமிழ்நாட்டில் 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரம் புதுப்படமே வெளிவரவில்லை. பேசியதெல்லாம் யார் எவ்வளவு கொடுப்பது என்பதைத்தான். திரையில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது அந்தப் பேச்சில் பெரிதாக எழவில்லை. கொரோனா மூடல் வேறு சிறு கொட்டகைகளின் முதுகை ஒடித்தது. ஃபிலிம் காலத்து ஆபரேட்டர் கார்பன் தள்ளுவதற்காகவாவது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று பட்டியலைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் காலைக் காட்சியிலிருந்து இரவுக் காட்சி வரை தானே ஓடும். டிஜிட்டல் நமக்குப் புதுப் படத்தைக் கொடுத்தது, பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆளின் கண்ணையும் காதையும் எடுத்துக்கொண்டது. லாபக் கணக்கு எழுதும்போது இந்தச் செலவை யாரும் எழுதவில்லை.

ஃபிலிமே உயர்ந்தது என்பார் ஒரு சாரார், டிஜிட்டலே உயர்ந்தது என்பார் மறு சாரார். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், அந்தப் பக்கத்துக்கு அது உண்மையே. நல்ல கொட்டகையில் புதுப் பிரிண்டின் அழகு உண்மை. நம் மலையில் கிழிந்த பிரிண்டின் அவலமும் உண்மை. இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டுவிட்டது மூன்றாவது பக்கத்தை: அரங்கத்தை.

'வீட்டில் பெரிய டி.வி. இருக்கே, தியேட்டர் எதுக்கு?' என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். லயத்து வீடுகளில் பெரிய டி.வி.க்கு இடம் ஏது? அதோடு முன்னூறு பேர் ஒன்றாய் உட்கார்ந்து தமிழ் கேட்டுச் சிரிக்கும் இடம், மாநிலத்துக்கு வெளியே இருக்கும் நமக்கு வேறு எத்தனை இருக்கிறது? ஆண்டுக்கு ஒருமுறை நம் சங்க விழா, மற்ற நாளெல்லாம் இந்தக் கொட்டகைதான்.

ஆகையால் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படத்துக்குப் போகும்போது நான்கு காரியம் செய்யுங்கள். வெள்ளைக் காட்சி வரும்போது திரையின் நான்கு மூலையையும் நடுவோடு ஒப்பிடுங்கள். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக இருக்கிறதா பாருங்கள். பெயர் ஓடும்போது பொடி எழுத்தின் விளிம்பு கூர்மையா என்று பாருங்கள். பிறகு இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் "என்ன சொன்னாங்க?" என்று நீங்கள் கேளுங்கள். அது சொல்லவில்லை என்றால் திட்டாதீர்கள். இடைவேளையில் மேனேஜரிடம் போய், மரியாதையாக, "சார், நடுப் பெட்டி சரியாப் பேசல, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் போங்க என்பார். பத்துக் குடும்பம் சொன்னால் கேட்பார். நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மறு மாதம் போனபோது திரையைத் தூசி தட்டியிருந்தார்கள். பேத்தி அன்று என்னிடம் இரண்டு முறைதான் கேட்டாள்.

தூண் நிழல் விழாமல் விளக்கு வைக்கச் சொன்ன நூல் நம்முடையது. அதைப் பாடமாகப் படிக்கிறோம், விழாவில் நாடகமாகவும் போடுகிறோம். அது சொன்ன ஒழுங்கை நாம் காசு கொடுத்துப் போகும் அரங்கத்திலும் கேட்டு வாங்குவோமாக. அடுத்த மலருக்குக் கட்டாயம் சிலம்பு பற்றியே எழுதித் தருகிறேன்.